மலையில் மாடு வளர்ப்பவருக்கு நியூயார்க் ஏன் பணம் கொடுக்கிறது?

ஊராட்சி வார்டு உறுப்பினர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "நியூயார்க் நகரத்தில் குழாய்த் தண்ணீரை வடிகட்டுவதே இல்லையாமே? மலையில் இருக்கிற விவசாயிகளுக்குக் காசு கொடுத்தே தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கிறார்களாம். உண்மையா? எங்கள் ஊருக்கு ஓடைக்கரையில் இருக்கும் ஒரு கிணறுதான் குடிநீர். ஓடைக்கு மேலே வேறு ஊராட்சி, அங்கே மாடுகள் அதிகம். நாங்கள் எடுத்துக்கொள்கிற மாதிரி இதில் ஏதாவது இருக்கிறதா?"

உண்மைதான். ஆனால் இந்தக் கதை நம் காதுக்கு வரும்போது நடுவில் நடந்த சண்டை முழுக்க உதிர்ந்துபோய், நல்ல முடிவு மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது. உங்களுக்குப் பயன்படப்போவது அந்தச் சண்டைதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு திருத்தம். வடிகட்டுவதில்லை என்றால் ஒன்றுமே செய்யாமல் அப்படியே விடுகிறார்கள் என்று அர்த்தமில்லை. குளோரின் போடுகிறார்கள். 2013 முதல் இப்படி வடிகட்டாத தண்ணீர் முழுவதும் புற ஊதாக் கதிர் நிலையம் ஒன்றைக் கடந்துதான் வருகிறது. மணல் படுகை வழியாக விட்டு அழுக்கைப் பிரித்தெடுக்கும் பெரிய நிலையம் மட்டும்தான் இல்லை. அதுவும் கேட்ஸ்கில், டெலவேர் என்ற இரண்டு நீர்த்தொகுப்புகளுக்குத்தான் பொருந்தும். நகரத்தின் தண்ணீரில் சுமார் 90 சதவீதம் இவற்றிலிருந்து வருகிறது. குரோட்டன் என்ற மூன்றாவது தொகுப்பை வடிகட்டுகிறார்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நாளொன்றுக்கு ஏறத்தாழ 380 கோடி லிட்டர். நகரத்திலிருந்து 200 கிலோமீட்டர் தூரம் வரை பரந்திருக்கும் மலைகளில், 19 நீர்த்தேக்கங்களில் பிடித்து, பெரும்பாலும் மோட்டாரே இல்லாமல் சரிவிலேயே கொண்டுவருகிறார்கள். நீர்ப்பிடிப்புப் பகுதி மொத்தம் 5,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். இதில்தான் சிக்கல். அந்த நிலத்தில் பெரும்பகுதி தனியாருடையது. பண்ணைகள், சிற்றூர்கள், வீடுகள், அவற்றின் செப்டிக் டேங்குகள், சாலைகள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. காட்டுக்கு வேலி போட்டு, யாரும் உள்ளே வராதே என்று சொல்லிவிடுகிற இடம் இல்லை இது.

1989ல் அமெரிக்க அரசு ஒரு விதி கொண்டுவந்தது. ஆறு, ஏரி போன்ற நிலத்தின் மேலுள்ள நீரைக் குடிநீராகக் கொடுக்கிறவர்கள் வடிகட்டியே ஆக வேண்டும். வேண்டாம் என்றால், நீர்ப்பிடிப்புப் பகுதி உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதை நிரூபிக்க வேண்டும். நியூயார்க் கணக்குப் போட்டுப் பார்த்தது. வடிகட்டும் நிலையம் கட்ட 600 கோடி முதல் 800 கோடி டாலர் வரை, அதை ஓட்ட வருடத்துக்கு 30 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள். மலையைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவோ சுமார் 150 கோடி. எது லாபம் என்பதில் சந்தேகமே இல்லை.

சரி, இத்தனை தெளிவான கணக்கு கையில் இருக்கும்போது நகர நிர்வாகம் என்ன செய்தது? 1990ல் ஒரு வரைவு விதித்தொகுப்பை வெளியிட்டது. ஓடைக்கு இத்தனை அடிக்குள் இதைச் செய்யாதே, எரு போடாதே, கட்டாதே என்கிற பாணியில் இருந்தது அது. மாநிலச் சட்டப்படி தன் எல்லைக்கு வெளியே இருக்கும் நீர்ப்பிடிப்புப் பகுதியிலும் விதி போட நகரத்துக்கு அதிகாரம் உண்டு. அதை அப்படியே எடுத்து வீசியது.

மலை மக்கள் கொதித்துப்போனார்கள். அவர்களுக்கு நகரத்தின் மேல் பழைய கோபம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. அஷோகன், பெபாக்டன், கேனன்ஸ்வில் என்று ஒவ்வொரு நீர்த்தேக்கமும் கட்டப்பட்டபோது ஊர்கள் மூழ்கின. கேனன்ஸ்வில் என்பதே தண்ணீருக்குள் போன ஓர் ஊரின் பெயர்தான். அது நிரம்பியது 1960களில். ஆக, 1990ல் கூட்டத்துக்கு வந்தவர்களில் பலர் தங்கள் ஊர் காலி செய்யப்பட்டதை நேரில் பார்த்தவர்கள். கல்லறைகளைத் தோண்டி எடுத்துக்கொண்டு போனதைக் கேட்டு வளர்ந்தவர்கள். வீட்டை எடுத்தீர்கள், வயலை எடுத்தீர்கள், மிச்சமிருக்கிற நிலத்தில் என்ன செய்யலாம் என்றும் நீங்களே சொல்வீர்களா என்று கேட்டார்கள். 1991ல் ஊர்கள் ஒன்றுசேர்ந்து ஒரு கூட்டமைப்பை உருவாக்கி வழக்குக்குத் தயாரானார்கள்.

அப்போது நகரத்தின் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறை ஆணையராக இருந்தவர் ஆல்பர்ட் ஆப்பிள்டன். விவசாயிகளை ஒரு மேசைக்கு அழைத்துப் பேசும் முடிவு அவர் காலத்தில்தான் எடுக்கப்பட்டது. அந்தப் பேச்சில் வந்த தீர்வு என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையிலேயே சிறந்த பகுதி. நகரம் தன் விதியைப் பண்ணைகள் மேல் திணிக்காமல் நிறுத்திவைக்கும். அதற்குப் பதிலாக, விவசாயிகளே நடத்துகிற ஒரு வேளாண் குழு, விரும்பிச் சேருகிற ஒவ்வொரு பண்ணைக்கும் தனித்திட்டம் போட்டுக் கொடுக்கும். செலவு நகரத்துடையது. ஆனால் ஐந்து ஆண்டுக்குள் 85 சதவீதப் பண்ணைகளாவது சேர்ந்திருக்க வேண்டும். சேரவில்லை என்றால் பழைய விதி திரும்ப வரும். தனி ஆளுக்குக் கட்டாயம் கிடையாது, கூட்டாகப் பார்த்தால் கெடு உண்டு. இலக்கைத் தாண்டியே சேர்ந்தார்கள்.

பண்ணையில் என்னதான் செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். கேட்ஸ்கில் மலையில் பள்ளத்தாக்குகள் ஒடுக்கமானவை. சமதரை இருப்பதே ஓடை ஓரத்தில்தான். அதனால் மாட்டுக்கொட்டகையும் அங்கேதான் இருக்கும். மாடுகள் நேராக ஓடைக்குள் இறங்கித் தண்ணீர் குடிக்கும், கரை சரியும், சாணமும் மூத்திரமும் அதிலேயே கலக்கும். குளிர்காலத்தில் தரை உறைந்துவிடும். ஆனாலும் சாணத்தைத் தினமும் வெளியேற்றியாக வேண்டும். பனியின் மேலேயே பரப்பிவிடுவார்கள். வசந்தத்தில் பனி உருகும்போது மொத்தமும் ஒரே வாரத்தில் ஓடைக்கு வந்துவிடும். அதிலிருக்கும் பாஸ்பரஸ் நீர்த்தேக்கத்தில் பாசியை வளர்க்கும். இன்னொரு தொல்லை கன்றுக்குட்டிகள். கிரிப்டோஸ்போரிடியம் என்ற நுண்ணுயிர் இளங்கன்றுகளின் சாணத்தில் அதிகம் வரும். குளோரின் அதை ஒன்றும் செய்யாது. 1993ல் மில்வாக்கி நகரத்தில் குடிநீரில் அது கலந்து சுமார் 4 லட்சம் பேர் படுத்தார்கள். இத்தனைக்கும் அந்த ஊர்த் தண்ணீர் வடிகட்டப்பட்ட தண்ணீர்.

இதற்கான மருந்துகள் எல்லாம் எளியவை. ஓடையோரம் வேலி. மாடு குடிக்க மேட்டில் ஒரு தொட்டி, அதற்கு ஒரு குழாய். கன்றுகளுக்கு ஈரமில்லாத தனிக் கொட்டகை. சாணத்தைச் சேர்த்துவைக்க இடம், எந்த வயலில் எப்போது போடலாம் என்று ஒரு அட்டவணை. கூரைத் தண்ணீர் தொழுவத்து முற்றத்தில் விழுந்து சாணத்தை அடித்துக்கொண்டு போகாமல் இருக்க ஒரு வாய்க்கால். பண்ணைக்காரருக்கு இதில் நேரடி லாபமும் உண்டு. காய்ந்த இடத்தில் வளர்கிற கன்றுக்கு நோய் குறைவு. சேற்றில் நிற்காத மாட்டுக்குக் குளம்பு அழுகாது. தண்ணீருக்கு நல்லது என்று மட்டும் சொல்லியிருந்தால் பாதிப் பேர்கூடச் சேர்ந்திருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம்.

பண்ணைகளோடு சமாதானம் ஆன பிறகும் ஊர்களோடு தகராறு நீடித்தது. மாநில ஆளுநர் ஜார்ஜ் பட்டாக்கி நடுவில் இருந்து, 1997 ஜனவரி 21 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. நகரம், மாநிலம், மத்தியச் சுற்றுச்சூழல் முகமை, மலையூர்கள், சில சுற்றுச்சூழல் அமைப்புகள் எல்லாம் அதில் கையெழுத்துப் போட்டன. மனமுவந்து விற்பவரிடம் மட்டும்தான் நகரம் நிலம் வாங்கலாம், அதுவும் சந்தை விலைக்கு. கட்டாயக் கையகப்படுத்தல் கிடையாது. வாங்கிய நிலத்துக்கு நகரம் அந்த ஊருக்குச் சொத்துவரி கட்ட வேண்டும். ஊர்கள் வளர்வதற்கென்று சில பகுதிகளை, இங்கே வாங்காதே என்று குறித்துவைக்கலாம். பழுதான செப்டிக் டேங்குகளை நகரத்தின் பணத்தில் சரிசெய்யலாம். அந்த வேலையைச் செய்வது நகர அதிகாரிகள் அல்ல, மலையூர்க்காரர்களே நடத்துகிற ஒரு கழகம். இதுவரை 5,000க்கும் மேற்பட்ட வீடுகளில் செய்திருக்கிறார்கள். மலையில் தொழில் தொடங்கக் கடன் கொடுக்கவும் சுமார் 6 கோடி டாலரில் ஒரு நிதி. இந்தக் கடைசி விஷயத்துக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நேரடியாக ஒன்றுமில்லை. கட்டுப்பாட்டை ஏற்றுக்கொள்கிற ஊர் ஏழையாகிவிடக் கூடாது என்று மலைக்காரர்கள் பிடிவாதம் பிடித்து வாங்கிய நிதி அது. அவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து? நகரத்து வீடுகளின் தண்ணீர்க் கட்டணத்திலிருந்து.

இப்போது குரோட்டன். நகரத்துக்கு மிக அருகில் இருக்கும் பழைய தொகுப்பு, 1842ல் முதன்முதலில் தண்ணீர் வந்த வழி. அந்தப் பக்கம் புறநகர் வளர்ந்துவிட்டது. வீடும் சாலையும் வாகன நிறுத்தமும் வந்தபின் ஒப்பந்தம் போட்டு மீட்கிற நிலையில் அது இல்லை. வடிகட்டும் நிலையம் கட்டியே தீர வேண்டியிருந்தது. பிராங்ஸில் ஒரு பூங்காவுக்கு அடியில் கட்டினார்கள். 300 கோடி டாலருக்கும் மேல் செலவாகி 2015ல் ஓடத் தொடங்கியது. அது கொடுப்பது மொத்தத் தேவையில் ஒரு சிறு பங்கு. மலையைக் காத்ததால் எவ்வளவு மிச்சம் என்பதற்கு வேறு கணக்கே தேவையில்லை.

கேட்ஸ்கில்லும் பூரணமாக இல்லை. அங்கே மண் களிமண். பெருமழை வந்தால் கலங்கிவிடும். 2011 ஆகஸ்டில் ஐரீன் புயல் அடித்தபோது, நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கென்சிகோ நீர்த்தேக்கத்துக்குப் போகும் தண்ணீரில் படிகாரம் போட்டுத் தெளிய வைக்க வேண்டியிருந்தது. அஷோகனில் இருந்து கலங்கல் நீரை ஆற்றில் திறந்துவிட, ஆற்றோரம் கீழே குடியிருந்தவர்கள் சண்டைக்கு வந்தார்கள். நகரம் தொடர்ந்து நிலம் வாங்கியதால் ஊர் சுருங்குகிறது என்ற முணுமுணுப்பும் எழுந்தது. வடிகட்ட வேண்டாம் என்கிற அனுமதியே நிரந்தரமானதில்லை. குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதனால்தான் 1997க்குப் பிறகும் இரண்டு தரப்பும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

இந்த மாதிரி ஒப்பந்தம் நமக்கும் புதிதில்லை. கோவை குடிக்கிற சிறுவாணி நீர் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்து மலையில் தேங்குவது. 1973ல் இரு மாநிலமும் போட்ட ஒப்பந்தத்தின்படி வருகிறது. அங்கே பண்ணைகள் இல்லை, காடு. அப்படியிருந்தும் அணையின் பாதுகாப்பைச் சொல்லி முழு மட்டத்துக்கு நிரப்பக் கேரளம் தயங்கும்போதெல்லாம் கோவையில் பேச்சு கிளம்புகிறது. இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் போனால் குடிநீர் ஊருணிகளுக்கு எழுதாத சட்டமே உண்டு. செருப்போடு இறங்கக் கூடாது, குளிக்கக் கூடாது, மாடு விடக் கூடாது, வரத்துக்கால் பக்கம் யாரும் ஒதுங்கக் கூடாது. ஆனால் ஊருணிக்கு மழைநீர் வருவது பெரும்பாலும் ஊர் எல்லைக்குள் இருந்துதான். கட்டுப்படுத்துவதும் கட்டுப்படுவதும் ஒரே ஊர். உங்கள் ஓடை வருவது அடுத்த ஊராட்சியிலிருந்து என்பதால்தான் நியூயார்க் கதை உங்களுக்குப் பொருந்துகிறது.

சரி, உங்கள் கிணற்றுக்கு வருவோம்.

ஓடைக்கு மேலே இருக்கும் அந்த ஊராட்சியை மேலூர் என்று வைத்துக்கொள்வோம். மேலூர் மாடுகளைக் குறைசொல்வதற்கு முன் கிணற்றடியைப் பாருங்கள். நம் ஊர்க் கிணறுகளில் கிருமி வருவதில் பெரும்பங்கு முப்பது நாற்பது அடிக்குள் இருந்துதான். சுற்றுத்தளத்தில் விரிசல் இருக்கிறதா? அங்கேயே துணி துவைத்து, அந்தத் தண்ணீர் விரிசல் வழியாகவே உள்ளே இறங்குகிறதா? மூடி இருக்கிறதா? மாட்டுத் தொட்டியைக் கிணற்றை ஒட்டியே கட்டியிருக்கிறார்களா? பக்கத்து வீட்டு உறிஞ்சுகுழி எத்தனை தூரம்? பத்துப் பதினைந்து மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். பாறை வெடிப்பு இருக்கிற தரை என்றால் அதையும் நம்ப முடியாது, வெடிப்பு வழியாகத் தண்ணீர் எங்கிருந்தும் வரும். இரவில் செப்டிக் டேங்க் லாரி வந்து ஓடையில் திறந்துவிட்டுப் போகிறதா என்று கரையோரம் வீடுள்ளவர்களிடம் விசாரியுங்கள். இதெல்லாம் உங்கள் ஊராட்சியே, யாரையும் கேட்காமல் சரிசெய்யக் கூடியவை. உங்கள் பக்கத்தைச் சுத்தம் செய்யாமல் மேலூருக்குப் போனால் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

அடுத்தது பரிசோதனை. பல ஊராட்சிகளுக்கு ஜல் ஜீவன் திட்டத்தில் நீர்ப் பரிசோதனைப் பெட்டி கொடுத்து ஐந்து பெண்களுக்குப் பயிற்சியும் தந்திருக்கிறார்கள். பெட்டி எந்த அலமாரியில் தூங்குகிறது என்று பாருங்கள். மாதிரி எடுத்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்கும் அனுப்புங்கள். கிருமிப் பரிசோதனை மழைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை. வேதிப் பரிசோதனை வருடம் ஒன்று. நைட்ரேட் அளவை விடாமல் பாருங்கள். இந்தியத் தர அளவு லிட்டருக்கு 45 மில்லிகிராம். சாணம், யூரியா, கழிவறை மூன்றிலிருந்தும் வரக் கூடியது. கொதிக்க வைத்தாலும் போகாது, கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. கிணற்றில் ஒரு மாதிரி, ஓடையில் மேலூர் எல்லையில் ஒரு மாதிரி, உங்கள் எல்லையில் ஒரு மாதிரி என்று எடுத்தால் எது எங்கிருந்து வருகிறது என்று ஓரளவு பிடிபடும். மூன்று மாதிரியையும் ஒரே நாளில் எடுங்கள்.

அப்புறம் வரைபடம். கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் புலப்படத்தின் நகலில் கிணற்றைக் குறித்து, ஓடையைப் பிடித்துக்கொண்டு மேலே நடந்து போங்கள். ஒவ்வொரு எருக்குழி, மாட்டுக்கொட்டகை, கோழிப்பண்ணை, வடிகால் சேருமிடம் எல்லாம் சர்வே எண்ணோடு படத்தில் வர வேண்டும். மேலூரிலிருந்தும் இரண்டு பேரைக் கூட அழைத்துக்கொண்டு நடந்தால் நல்லது. உளவு பார்க்க வந்தார்கள் என்ற பேச்சு வராது.

மேலூரோடு எங்கே பேசுவது? கிராம சபையில் வேண்டாம், அங்கே போனால் எல்லாரும் தலைவர்கள் மாதிரிப் பேசுவார்கள். பால் சொசைட்டி இருந்தால் அதுதான் இடம். மாடு வைத்திருக்கிற அத்தனை பேரும் காலையும் மாலையும் வருகிற இடம் அது ஒன்றுதான். நீங்கள் கேட்கப்போவது இரண்டு மூன்று விஷயம்தான்: எருக்குழி ஓடைக்கரையிலிருந்து நகர வேண்டும், மழை நீர் உள்ளே போகாமல் சுற்றி ஒரு வரப்பு வேண்டும், மாடு ஓடையில் இறங்காமல் தொட்டியில் குடிக்க வேண்டும். இதற்கு அவர்கள் உங்களிடம் கேட்கப்போவது என்ன என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தொட்டி கட்ட சிமெண்டா, போர் மோட்டாருக்குப் பைப்பா, ஓடைப் பாலத்துக்கு ஒன்றியத்தில் சேர்ந்து குரல் கொடுப்பதா? ஒரு ஊராட்சியின் பணத்தை இன்னொரு ஊராட்சியில் செலவழிப்பது தணிக்கையில் சிக்கும். இரண்டும் ஒரே ஒன்றியம் என்றால் வட்டார வளர்ச்சி அலுவலரை நடுவில் உட்காரவைத்து, ஒன்றியத்தின் வேலையாகவே போடச் சொல்லுங்கள்.

பேசி முடித்தபின் இரண்டு ஊர் கிராம சபையிலும் ஒரே வாசகத்தில் தீர்மானம் போடுங்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினக் கிராம சபை இதற்கு வசதியான நாள். தீர்மானத்தில் யார், எதை, எந்தத் தேதிக்குள் என்று இருக்கட்டும். "ஓடையைப் பாதுகாக்க வேண்டும்" என்று மட்டும் எழுதிய தீர்மானத்தால் ஓர் எருக்குழிகூட நகராது. நடக்கவில்லை என்றால் என்ன என்பதையும் எழுதுங்கள். ஆட்சியருக்கு மனுவா, மாசுக் கட்டுப்பாட்டு வாரியமா, அதை இரண்டு ஊரும் இப்போதே ஒத்துக்கொள்ளட்டும். நியூயார்க்கில் அந்த 85 சதவீதக் கெடு இல்லாமல் இருந்திருந்தால் பண்ணைத் திட்டம் இத்தனை வேகம் பிடித்திருக்காது.

மேலூர்க்காரர்களிடம் ஒன்றைக் கவனித்துப் பேசுங்கள். அவர்களுக்கும் மேலே ஓர் ஊர் இருக்கும், அவர்களுக்கும் குடிநீர் எங்கிருந்தோ வர வேண்டும். பரிசோதனை முடிவில் அவர்கள் கிணற்றையும் சேர்த்துக் கொடுத்தீர்கள் என்றால் பேச்சின் தொனியே மாறிவிடும். அதற்கு ஆகும் செலவு ஒன்றிரண்டு மாதிரிப் பாட்டில்தான்.

இதெல்லாம் நடந்து முடிய இரண்டு மூன்று மழைக்காலம் பிடிக்கும். அதுவரைக்கும், அதற்குப் பிறகும், மேல்நிலைத் தொட்டியில் குளோரின் போடுவதை நிறுத்திவிடாதீர்கள். கடைசித் தெருக் குழாயில் பிடித்த தண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சக் குளோரின் இருக்க வேண்டும். தொட்டிக்குப் பக்கத்துக் குழாயில் பார்த்துவிட்டு நோட்டில் எழுதுகிற பழக்கம் பல ஊரில் உண்டு. டேங்க் ஆபரேட்டரைக் கடைசித் தெருவுக்கு அனுப்பி அங்கே பார்க்கச் சொல்லுங்கள்.